முதலில் தகுதி, பின்னர் கட்டணம்

செவிலியராகப் பணியாற்றும் தம் மகளை, 'நர்ஸ் பிராக்டிஷனர்' மேற்படிப்புக்கு முன்னோடியாக இணையவழிப் பாடங்களிற் சேர்க்கலாமா எனப் பெற்றோர் நம்மிடம் வினவுவதுண்டு.

உத்திரமேரூர்க் கல்வெட்டையே அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல், சொந்த மனையில் வீடும், கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், 35 முதல் 70 வரை வயதும் உடையோர் பெயரே குடவோலையில் இடம்பெற்றது. தகுதி முதலில், தேர்வு பின்னர்.

இம்மேற்படிப்பும் அத்தகையதே. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு அம்மையாரும் மருத்துவர் ஹென்றி சில்வரும் இதனைத் தொடங்கினர். நம் நாட்டில் தீவிர சிகிச்சைக்கான இவ்வீராண்டுப் படிப்பிற்கு, பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம், செவிலியர் பதிவு, ஓராண்டு மருத்துவமனை அனுபவம் ஆகியவற்றை இந்திய நர்சிங் கவுன்சில் கோருகிறது. இவற்றுக்கு எந்த இணையச் சான்றிதழும் ஈடாகாது.

பாடங்களைக் கற்பது நன்றே. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் கட்டணமின்றியே கற்கலாம். அமெரிக்கா செல்ல விழைவோர்க்குப் புள்ளியியல் போன்ற முன்பாடங்கள் தேவைப்படலாம். அவற்றை இணையவழியில் ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் உரிமை.

ஆதலின் பெற்றோரே, நகையை அடகு வைக்குமுன் அக்கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். நோயாளியின் கட்டிலருகே கற்கும் பாடத்தை எந்தத் திரையும் கற்பிக்காது என்பதையும் மறவாதீர்கள்.