கால் பெருவிரலில் உள்வளரும் நகம்: சிறு அறுவைச் சிகிச்சையே நிலையான தீர்வு

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் புதைந்து வளர்வதையே உள்வளர் நகம் என்கிறோம். மக்கள் வழக்கில் இதனையும் ‘நகச்சுத்தி’ என்றே சொல்வதுண்டு. ஆனால், நகச்சுத்தி என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் உண்டாகும் கிருமித்தொற்று. உள்வளர் நகத்திலோ, நகத்தின் கூர்முனை சதைக்குள் முள்ளைப் போலத் தைத்து நிற்கிறது. முள்ளை எடுக்காமல் மருந்து மட்டும் பூசினால் புண் ஆறுமா? எலுமிச்சம்பழத்தைச் செருகுவதும், மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுவதும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும் நிலையான பயன் தராமைக்குக் காரணம் இதுவே.

யாருக்கு வருகிறது?

நகத்தின் ஓரங்களை வளைத்து ஒட்ட வெட்டுவதே முதன்மையான காரணம். இறுக்கமான காலணி, வியர்வையில் ஊறிய தோல், விரலில் படும் அடி ஆகியவையும் காரணங்களாகின்றன. நாள் முழுதும் பள்ளிக் காலணி அணியும் வளரிளம் பருவத்தினரிடம் இதை மிகுதியாகக் காணலாம். பம்மல், நாகல்கேணி பகுதிகளின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ரப்பர் காலணியுடன் ஈரத்தில் நின்று பணிபுரிவோரும், அனகாபுத்தூரில் தறியின் மிதியைக் காலால் இயக்கும் நெசவாளர்களும் விரல் வலியைப் பொறுத்துக்கொண்டு நாள்களைக் கடத்துதல் கூடாது.

தொடக்க நிலையில் என்ன செய்யலாம்?

சிவப்பும் வலியும் மட்டும் இருந்தால், வெதுவெதுப்பான உப்புநீரில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை, 15 நிமிடம் காலை ஊற வைத்து, நன்கு துடைத்து உலர்த்துங்கள். முன்பகுதி அகன்ற செருப்பை அணியுங்கள். சில நாள்களில் குறையாவிட்டாலும், சீழ் வடிந்தாலும், நகத்தின் ஓரத்தில் சிவந்த சதை துருத்தி வளர்ந்தாலும் மருத்துவரிடம் வந்துவிட வேண்டும்.

அறுவைச் சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

இதற்கு மயக்க மருந்து தேவையில்லை. மருத்துவமனையில் தங்கவும் வேண்டியதில்லை. பெருவிரலின் அடிப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போடப்படும். அந்த ஊசி குத்தும்போது சில நொடிகள் வலிக்கும். அதன் பிறகு தொடுவது தெரியும், வலி தெரியாது. முழு நகத்தையும் பிடுங்குவதில்லை. சதையில் தைத்த ஓரத்தை மட்டும் ஒரு கீற்றாக நெடுக வெட்டி எடுப்பார்கள். பின்னர், அந்தக் கீற்று முளைக்கும் நகவேரில் பீனால் என்னும் மருந்தைத் தடவி, அவ்விடத்தில் மீண்டும் நகம் முளைக்காமல் செய்வார்கள். பொதுவாக அரை மணி நேரத்திற்குள் அனைத்தும் முடிந்துவிடும்.

நகவேரை விட்டுவிட்டு நகத்தை மட்டும் நீக்கினால், வளரும் நகம் மறுபடியும் சதையைக் குத்தக்கூடும். பீனால் சேர்த்துச் செய்யும்போது அவ்வாறு திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது. நகம் முன்னைவிடச் சற்றுக் குறுகலாகத் தோன்றும், அவ்வளவே.

சிகிச்சைக்கு வரும் நாளில்

• வழக்கம்போல் உணவு உண்டு வாருங்கள்.
• இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம்.
• விரல் திறந்திருக்கும் செருப்பையே அணிந்து வாருங்கள்.
• இருசக்கர வாகனத்தைத் தாமே ஓட்டிச் செல்லாமல், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

வீடு திரும்பிய பின்

முதல் இரண்டு நாள்கள் காலைச் சற்று உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள். மருத்துவர் சொன்ன நாளில் கட்டுப் பிரித்துப் புண்ணைத் தூய்மை செய்ய வேண்டும். பீனால் தடவிய இடத்திலிருந்து சில வாரங்கள் நீர்போன்ற கசிவு இருக்கலாம். அது சீழன்று, அஞ்ச வேண்டாம். ஆனால், சிவப்பு பரவுதல், கூடிக்கொண்டே போகும் வலி, நாற்றமுள்ள சீழ், காய்ச்சல், விரல் கறுத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே வர வேண்டும். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் புண்ணுடன் நடப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளோர் கவனத்திற்கு

நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் நகம் தைப்பது தெரியாது. வலிக்கவில்லை என்பதால் புண் இல்லை என்று ஆகிவிடாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், சிறு புண்ணே விரலை இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். ஆகவே, இவர்கள் பிளேடாலோ ஊசியாலோ நகத்தைத் தோண்டுதல் கூடாது. சிகிச்சைக்கு முன் பாதத்தின் நாடித்துடிப்பும் இரத்தச் சர்க்கரை அளவும் சோதிக்கப்படும். பார்வை மங்கிய முதியோரின் பாதங்களை வீட்டிலுள்ளோர் நாள்தோறும் ஒருமுறை பார்ப்பது பெரும் உதவியாகும்.

மீண்டும் வராமல் தடுக்க, குளித்தபின் நகம் மென்மையாக இருக்கும்போது அதனை நேர்கோட்டில் வெட்டுங்கள். ஓரங்களை வளைத்துக் குடைய வேண்டாம். விரல்நுனியைவிட உள்ளே போகும்படி ஒட்ட நறுக்கவும் வேண்டாம்.