நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் இடம் உண்டு

கடிதம் தட்டவும் கணக்குப் போடவும் பலர் கணினியில் வைத்திருக்கும் லிப்ரே ஆபிஸின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1980-களில் அங்கே தொடங்கிய ஸ்டார் ஆபிஸை 1999-இல் சன் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் பிரிந்து வந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள்.

அவர்கள் கையில் கிடைத்த மூலநிரலில் ஆயிரக்கணக்கான ஜெர்மன் குறிப்புகள் இருந்தன. இந்த வரி எதற்கு, இதை ஏன் இப்படிச் செய்தோம் என்று பழைய நிரலாளர்கள் பக்கத்திலேயே தங்கள் மொழியில் எழுதி வைத்தவை. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஜெர்மன் தெரியாது. அதனால் ஜெர்மன் தெரிந்த தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்து அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். நிரல் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் அடுத்து வந்தவர்களுக்கு அந்த நிரல் பிடிபட்டதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

திறமூல மென்பொருளுக்கு உதவ ஆசைப்பட்டு, ‘எனக்குத்தான் நிரல் எழுத வராதே’ என்று ஒதுங்கி நிற்கிற யாரைப் பார்த்தாலும் எனக்கு இந்த ஜெர்மன் குறிப்புகள்தான் நினைவுக்கு வரும்.

திறமூலம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலநிரலைப் பார்க்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிக்கும் உரிமத்தோடு வருகிற மென்பொருள் அது. உங்கள் கணினியில் உள்ள பிரதியில் நீங்கள் எதை மாற்றினாலும் யாரையும் கேட்க வேண்டாம். அந்த மாற்றம் எல்லோருக்கும் போகும் பதிப்பில் சேர வேண்டுமென்றால்தான் திட்டத்தைப் பராமரிப்பவர்கள் பார்த்து ஏற்க வேண்டும். நிரல்வழிப் பங்களிப்பு என்று சொல்வது இந்த இரண்டாவது வேலையை.

புதியவருக்கு நான் முதலில் காட்டும் இடம் வழுப் பட்டியல். பக் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான் வழு. லிப்ரே ஆபிஸுக்கு பக்ஸில்லா என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. ‘அட்டவணையை நகலெடுத்தால் மென்பொருள் நின்றுபோகிறது’ என்று யாராவது அதில் எழுதினால், அந்தப் புகார் முதலில் ‘உறுதி செய்யப்படாதது’ என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் அதே படிகளைத் தன் கணினியில் செய்து பார்த்து, ஆம், எனக்கும் வருகிறது என்று பதிந்தால்தான் அடுத்த நிலைக்குப் போகும். நிரலாளர் பெரும்பாலும் அதன் பிறகுதான் கை வைப்பார். ‘செய்து பார்த்தேன், எனக்கு வரவில்லை’ என்ற பதிலுக்கும் அதே மதிப்பு உண்டு, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று சேர்த்து எழுதினால்.

இன்னும் ஒரு படி போகலாம். பழைய பதிப்புகள் எல்லாம் லிப்ரே ஆபிஸின் காப்பகத்தில் கிடைக்கின்றன. இரண்டு மூன்றை இறக்கி வைத்துக்கொண்டு, கோளாறு எந்தப் பதிப்பில் இல்லை, எதிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டால், நிரலாளர் தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறுகிவிடும். இதற்கு வேண்டியது ஒரு மாலைப் பொழுதும், செய்ததை அப்படியே எழுதி வைக்கும் பழக்கமும்தான். இத்தனை பயனுள்ள வேலைக்கு இத்தனை குறைவான ஆட்கள் வருவது எனக்கு வருத்தம்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேறு யாரும் செய்ய முடியாத வேலையும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதை ககரமாகவும் உயிர்க்குறியாகவும் அடுத்தடுத்து சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். லிப்ரே ஆபிஸில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இருப்பது அதே நிரலகம். கொம்பு தனியே விலகி நிற்பது, எழுத்தின் நடுவே கர்சர் மாட்டிக்கொள்வது, பி.டி.எஃப்-இலிருந்து நகலெடுத்த வரியில் குறிகள் இடம் மாறுவது, இவையெல்லாம் நம் கண்ணில் ஒரு நொடியில் படும். தமிழ் அறியாத நிரலாளருக்கு இரண்டு வடிவமும் ஒன்றுபோலவே தெரியும். எது சரி, எது தவறு என்று இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்ட நம்மில் ஒருவர் போனால்தான் உண்டு. கோளாறு ஹார்ஃப்பஸில் இருந்து, அங்கே திருத்தப்பட்டால், அந்தத் திருத்தம் உலாவிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் போய்ச் சேரும்.

மெனுக்களையும் உதவிப் பக்கங்களையும் தமிழாக்குவது இன்னொரு வாசல். வெப்லேட் என்ற தளத்தில், ஆங்கில வரியைப் பார்த்துத் தமிழ் வரியை நிரப்பலாம். முன்பு இருந்தவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரே பொத்தானுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் இருந்தால் பயனர் திண்டாடுவார்.

நிரல் தெரிந்தவர்களுக்கு ‘ஈஸி ஹேக்’ என்ற அடையாளத்தோடு சிறு வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மூலநிரல் பெரும்பாலும் சி++ மொழியில் இருக்கிறது. முதல் தடவை முழுவதையும் தொகுக்கச் சாதாரண மடிக்கணினி மணிக்கணக்கில் ஓடும், பயப்பட வேண்டாம். ‘என் பங்களிப்பை இன்ன உரிமங்களின்கீழ் தருகிறேன்’ என்று ஒருமுறை அறிவிக்கச் சொல்வார்கள். பிறகு மாற்றம் கெரிட் என்ற இடத்தில் மதிப்பாய்வுக்குப் போகும். அங்கே ‘இதை மாற்றுங்கள், அதைப் பிரித்து அனுப்புங்கள்’ என்று கருத்துகள் வரும். இரண்டு மூன்று சுற்று போவது சகஜம். அந்தக் கருத்துகளை மனத்தாங்கல் இல்லாமல் வாங்கிக்கொள்ளப் பழகியவர் விரைவாக வளர்வார்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்.இஸட். என்ற சுருக்கு மென்பொருளைக் கிட்டத்தட்ட ஒரே ஒருவர், களைத்துப்போன நிலையில், பராமரித்து வந்தார். புனைபெயரில் வந்த ஒரு ‘தன்னார்வலர்’ இரண்டாண்டுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் அதில் கள்ளக்கதவு ஒன்றைப் புகுத்திவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதம் ஆவதைக் கவனித்த ஆந்திரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச்சில் அதை அம்பலப்படுத்தினார். பராமரிப்பாளருக்குத் துணை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

அதனால் பராமரிப்பாளர்களின் நேரத்தை மதிப்பதுதான் முதல் மரியாதை. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில், பங்களித்தால் டி-ஷர்ட் கிடைக்கும் என்பதற்காகப் பலர் ஒரு சொல்லை மாற்றி, ஒரு வரியைச் சேர்த்து, திட்டங்களுக்கு மாற்றங்களை அனுப்பிக் குவித்தார்கள். அவற்றைக் கழிப்பதிலேயே பராமரிப்பாளர்களின் பொழுது போனது. விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அமைப்பாளர்கள் நடுவிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. சாட்பாட் எழுதித் தந்த புகாரைச் சோதிக்காமல் அனுப்புவதும் அதே வகைச் சுமைதான்.

சம்பளம் இல்லாத வேலையா என்று கேட்பீர்கள். தன்னார்வலருக்கு இல்லை. லிப்ரே ஆபிஸின் நிரலில் பெரும்பங்கு, கொலாபரா போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குவோர் எழுதியது. அவர்கள் எழுதியதும் நீங்கள் எழுதியதும் ஒரே மதிப்பாய்வைத்தான் கடக்க வேண்டும். கூகுள் 2005 முதல் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் உதவித்தொகை உண்டு. லிப்ரே ஆபிஸும் அதில் பங்கெடுத்திருக்கிறது. வேலை தேடும் மாணவருக்கு, தான் செய்த திருத்தம் பொதுவெளியில் பெயரோடு இருப்பதும் நல்ல சான்று.

தொடங்க நினைத்தால், தினமும் பயன்படுத்தும் மென்பொருளிலேயே தொடங்குங்கள். கோளாறு வந்தால், அதே புகார் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உதவி மெனுவில் உள்ள ‘சேஃப் மோட்’ வழியாகத் திறந்து பாருங்கள். அங்கே கோளாறு மறைந்தால் காரணம் உங்கள் அமைப்புகளிலேயே இருக்கக்கூடும். பிறகு பதிப்பு எண், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். மாதிரிக் கோப்பு இணைத்தால் அதில் உண்மையான பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எதுவும் இருக்கக் கூடாது. பக்ஸில்லாவில் இணைத்ததை உலகமே பார்க்கும். பதில் வர வாரங்கள் ஆகலாம். பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். அதுவரை, உறுதி செய்யப்படாமல் காத்திருக்கும் வேறொருவரின் புகாரை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.