'சும்மா' எடுத்தேன் சார்!

"யாரு தம்பி நீ? எதுக்கு போட்டோ புடிக்கிறே?"

கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர் மில் வாட்ச்மேனாக இருக்கலாம். பஸ் ஸ்டாண்ட் செக்யூரிட்டியாக இருக்கலாம். எதிலும் சம்பந்தப்படாத டீக்கடைப் பெரியவராகவும் இருக்கலாம். கேள்வி ஒன்றுதான். பதிலும் ஒன்றுதான்...

"சும்மாதாண்ணே!"

வந்தது வினை! பத்திரிகை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். கல்யாண ஆல்பம் என்றால் ஒதுங்கி வழியே விடுவார்கள். 'சும்மா' என்றால் மட்டும் சந்தேகம் வந்துவிடும். கேட்டில் இருக்கிற ரிஜிஸ்டரில் பெயர், ஊர், வண்டி நம்பர், பார்க்க வேண்டியவர், வந்த காரணம் என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. 'சும்மா'வுக்குக் கட்டம் கிடையாது. பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். எந்தக் கணக்கிலும் சேராத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு மூலையில் எழுதி வைப்போம். கேமராக்காரரையும் அப்படித்தான் கேட் ஓரமாக நிறுத்தி வைத்துவிடுகிறார்கள்!

எங்கள் எரியோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் - கரூர் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். சுற்றிலும் நூல் மில்கள். பக்கத்தில் அய்யலூர் ஆட்டுச் சந்தை. காசு சேர்த்து செகண்ட் ஹேண்டில் கேமரா வாங்கின ஒரு பையன் வேறு எதைப் படம் எடுப்பான்? ரயிலை எடுப்பான், ஆட்டை எடுப்பான், ஷிஃப்ட் முடிந்து வருகிற மில் பஸ்ஸை எடுப்பான். ரோட்டில் நின்று எடுத்தாலும், "ஏய்... கேமராவைக் குடு!" இத்தனைக்கும் அதட்டுகிறவர் கையிலேயே கேமரா வைத்த செல்போன் இருக்கும்!

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது?

பொது இடத்தில் படம் எடுக்கக்கூடாது என்று பொத்தாம்பொதுவாக ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. 'இது தடை செய்யப்பட்ட இடம்' என்கிற வசனத்துக்கு மூலம் 1923-ம் வருட அரசு ரகசியச் சட்டம். ராணுவ முகாம், ஆயுதக் கிடங்கு போன்ற இடங்களில் அது கறார். அங்கே வாலாட்டக் கூடாது. ஆனால், ரயில் பாதை, குடிநீர், மின்சார நிலையம் போன்றவை தடை செய்யப்பட்ட இடமாக வேண்டுமென்றால் மத்திய அரசு கெஜட்டில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் நகலை இங்கிலீஷிலும் உள்ளூர் மொழியிலும் அங்கே ஒட்டி வைக்கவும் வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட சட்டமே, "தமிழில் எழுதி ஒட்டு" என்கிறது. நம்மவர்கள் வாயாலேயே ஒட்டிவிடுகிறார்கள்!

அதற்காக ரயிலை எடுக்கிறேன் பேர்வழி என்று தண்டவாளத்தில் இறங்கிவிடாதீர்கள். 1989-ம் வருட ரயில்வே சட்டம் 147-வது பிரிவு காத்திருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேமராவைப் பிடுங்கலாமா? தனியார் செக்யூரிட்டி போலீஸ் அல்ல. தன் கேட்டுக்குள் படம் எடுக்காதே என்று அவர் தாராளமாகச் சொல்லலாம். ரோடு அவர் முதலாளியுடையது இல்லையே! ஒருவரைப் பிடித்து வைக்க அவருக்கு இருப்பது உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் நடந்தால் பிடித்து, 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஆட்டை போட்டோ எடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை!

இந்தக் கூத்து நம்ம ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். லண்டனில், காரணம் சொல்லாமலே சோதனை போட போலீஸுக்கு அதிகாரம் தந்த தீவிரவாதத் தடுப்புச் சட்டப் பிரிவால் போட்டோக்காரர்கள் நொந்து போனார்கள். 2010 ஜனவரி 23-ம் தேதி, 'நான் போட்டோகிராஃபர், தீவிரவாதி இல்லை' என்று டிராஃபால்கர் சதுக்கத்தில் கேமராவோடு திரண்டார்கள். அந்தப் பிரிவு தப்பு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதே மாதம்தான் சொல்லியிருந்தது. ஜூலையில் அரசாங்கமே பின்வாங்கியது.

தடையே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்கும் கேமராவுக்கும் தடை. முன்கூட்டியே அறிவித்தார்கள், வாங்கி வைக்கக் கவுண்டர் திறந்தார்கள். சண்டைக்கு அங்கே என்ன வேலை? அதேபோல, முகம் தெரிய எடுக்கும்போது ஒரு பெண், "வேணாம்" என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டியதுதான். அதற்குச் சட்டம் தேவையில்லை, வளர்ப்பு போதும்.

திறந்துவிட்ட கதவும் உண்டு. மத்திய தொல்லியல் துறை தன் பொறுப்பில் உள்ள சின்னங்களில், அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகால் கல்லறை மண்டபம் தவிர மற்ற இடங்களில் படம் எடுக்கலாம் என்று 2018-ல் அறிவித்தது. நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டையும் அந்தத் துறையிடம்தான் இருக்கிறது.

செக்யூரிட்டி அண்ணன் பக்கமும் பார்ப்போம். மத்திய அரசு 2006-ல் போட்ட மாதிரி விதி, காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேர களப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்றது. 'கேமராவோட எவன் வந்தாலும் விடாதே' என்ற ஒற்றை வரியோடு வெயிலில் நிறுத்தப்பட்டவர் என்ன செய்வார்? விட்டால் வேலை போகும், அதட்டினால் சம்பளம் வரும். அவருக்கே யாரும் போர்டைக் காட்டவில்லை, நமக்கு எங்கே காட்டுவார்?

அதனால் சட்டப் பிரிவைச் சொல்லி அவரிடம் சவடால் விடாதீர்கள். "அண்ணே, தடைன்னு எங்க எழுதியிருக்கு? யார்கிட்ட அனுமதி கேக்கணும்?" - இந்த இரண்டு கேள்வி போதும். அடையாள அட்டை பையில் இருக்கட்டும். கேமராவை மட்டும் கைமாற்றிவிடாதீர்கள்.

இது என்ன பெரிய பிரச்னை என்கிறீர்களா? சின்ன ஊர்களை விலை கொடுத்து யாரும் படம் எடுக்க வருவதில்லை. இருபது வருஷம் கழித்து இந்தச் சந்தையும் மில் பஸ்ஸும் எப்படி இருந்தன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், காட்டுவதற்கு ஒரு பையன் 'சும்மா' எடுத்த படம்தான் இருக்கும். அவனை இன்றைக்குக் கேட்டில் மடக்கினால் ஊர் ஆல்பத்தில் அந்தப் பக்கம் காலி.

கடைசியாக ஒரு யோசனை. அடுத்த தடவை வாட்ச்மேன் முறைத்தால், கேமராவின் பின்பக்கத் திரையைத் திருப்பி, எடுத்ததைக் காட்டுங்கள். இரண்டு ஆடு, ஒரு பஸ், கொஞ்சம் புழுதி. அவ்வளவுதான் என்று தெரிந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொல்வார்: "அப்படியே என்னையும் ஒண்ணு புடி தம்பி!"