ஒளியே உளி

இரும்பை அறுக்க வேண்டுமானால் அதனினும் கடினமான உளியோ அரமோ வேண்டும் என்பது நம் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த உண்மை. எடையே இல்லாத ஒளி அந்த வேலையைச் செய்யும் என்று நூறு வருஷங்களுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால், பட்டறையில் இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். இன்றோ, லேஸர் என்னும் ஒளிக்கற்றை எஃகுத் தகட்டைக் காகிதம்போல் வெட்டுகிறது. கலியாணப் பத்திரிகையில் பூவேலை செய்கிறது. எவர்சில்வர் குடத்தில் மணப்பெண்ணின் பெயரையும் பொறிக்கிறது.

பூதக் கண்ணாடியால் சூரிய கிரணங்களைக் குவித்துப் பஞ்சைக் கொளுத்திப் பார்க்காத சிறுவர் அரியர். லேஸர் யந்திரத்தின் தத்துவமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் சூரிய ஒளியில் பல நிற அலைகள் கலந்திருக்கின்றன. லேஸரிலோ, ஒரே நீளமுள்ள அலைகள் அணிவகுத்த சேனையைப்போல் ஒரே திசையில் ஒத்து நடக்கின்றன. ஆகவே அவற்றைத் தலைமயிரின் பருமனுள்ள ஒரு புள்ளிக்குள் அடக்கிவிட முடிகிறது. அந்தப் புள்ளியில் இரும்பு உருகும், மரம் ஆவியாகும்.

இதற்கு அடிகோலிய தத்துவத்தை ஐன்ஸ்டீன் 1917-ம் வருஷம் வெளியிட்டார். 1960-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி, கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் என்பவர் செயற்கைக் கெம்பிலிருந்து முதல் லேஸர் ஒளியை வரவழைத்தார். ஆனால் அது மின்னலைப்போல் விட்டுவிட்டுப் பாய்ந்தது. பட்டறைக்கு ஏற்றபடி, இடைவிடாமல் வலிமையுடன் பாயும் கரியமிலவாயு லேஸரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கண்டவர், மகாராஷ்டிரத்தில் பாராமதி என்னும் ஊரிலே பிறந்து, புனா எஞ்சினீயரிங் கல்லூரியில் பயின்ற குமார் படேல். உலகத்துப் பட்டறைகள் இந்தியர் ஒருவருக்குப் பட்டிருக்கும் இக்கடன் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் என்பவர் இந்த ஒளியோடு பிராணவாயுவையும் சேர்த்துச் செலுத்தி, 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார்.

பிராணவாயு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். சூடேறிய இரும்பு அவ்வாயுவுடன் சேர்ந்து தானே எரிந்து, ஒளியின் உஷ்ணத்துக்குத் துணை புரிகிறது. வாயுவின் வேகம் உருகிய குழம்பையும் கீழே ஊதித் தள்ளிவிடுகிறது. எவர்சில்வரின் விளிம்பு கறுக்காமல் பளபளக்க வேண்டுமானால், பிராணவாயுவுக்குப் பதில் நைட்ரஜனைச் செலுத்துவார்கள். பொறிக்கும் வேலையிலோ, ஒளி தறியின் நாடாவைப்போல் வரி வரியாக ஓடி, சித்திரம் வேண்டிய இடத்தில் எரிந்து, வேண்டாத இடத்தில் அணைகிறது. வேகத்தைக் குறைத்தால் பள்ளம் ஆழமாகும். கூட்டினால் மேற்பரப்பு மட்டும் நிறம் மாறும்.

சிறு பட்டறைகளில் உள்ள கரியமிலவாயு யந்திரம் மரம், தோல், காகிதம், அக்ரிலிக் ஆகியவற்றுக்கு ஏற்றது. உலோகத்துக்கு இப்பொழுது பெரும்பாலும் நாடுவது, கண்ணாடி இழைக்குள் ஒளியை வளர்க்கும் ஃபைபர் லேஸரை. முன்னதன் அலைநீளம் 10.6 மைக்ரான், பின்னதன் அலைநீளம் ஏறக்குறைய 1.07 மைக்ரான். இந்தக் குறுகிய அலையை உலோகம் எளிதில் ஏற்றுக்கொள்கிறது.

அச்சு வைத்து அழுத்தும் பிரஸ் யந்திரத்துக்கு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் அச்சுச் செய்தாக வேண்டும். லேஸருக்கோ, கம்ப்யூட்டரில் வரைந்த படம் போதும். படத்தை மாற்றினால் பொருளும் மாறும். பத்து உருப்படி கேட்டு வரும் வாடிக்கைக்காரரையும் இதனால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆயிரமாயிரமாக ஒரே பொருளைச் செய்வதற்குப் பிரஸ்ஸே இன்றும் மலிவு. ஆகவே இந்த யந்திரத்தின் அருமையை மிகவும் உணரக்கூடியவர்கள் சிறு தொழிலாளர்களே.

ஆயின், அவர்களையே அதிகமாகச் சூழ்ந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. மேற்கூறிய இரண்டு ஒளிகளும் மனிதக் கண்ணுக்குப் புலப்படா. கண் கூசினால்தானே இமை மூடும்? கூசாத ஒளிக்கு இமை என்ன செய்யும்? ஃபைபர் லேஸரின் சிதறல் கண்ணில் பட்டால், கருவிழியைக் கடந்து உள்ளே விழித்திரையைப் பொசுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை குறைந்த பின்னரே விபத்து நிகழ்ந்தது தெரியவரும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதைத் தடுக்காது. ஒரு லேஸருக்கென்று செய்த காப்புக் கண்ணாடியும் வேறு அலைநீளமுள்ள லேஸருக்கு உதவாமற் போகலாம். மூடியே இல்லாத மலிவு யந்திரங்களும் சந்தையில் விற்கின்றன. மூடி உள்ள யந்திரத்திலும், வேலை துரிதமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றோர் ஆபத்து புகை. ரெக்ஸின் துணியில் பெரும்பாலும் பி.வி.ஸி. கலந்திருக்கிறது. தோலென்று எண்ணி அதை லேஸரில் வைத்தால், ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். அது யந்திரத்தின் இரும்பைத் துருவாக்கும். அருகில் நிற்பவரின் மூச்சுப் பையையும் அரிக்கும். இன்ன பொருளென்று தெரியாததை வெட்ட மறுப்பதே விவேகம். அக்ரிலிக்கும் மரமும் தீப்பற்றக் கூடியவை. யந்திரம் ஓடும்போது அதைத் தனியே விட்டுச் செல்லலாகாது.

யந்திரம் வாங்கப் பணம் திரட்டும் முதலாளிமார் பலர், மூடிக்கும், புகைபோக்கிக்கும், தக்க கண்ணாடிக்கும் ஆகும் செலவை வீண் செலவாகக் கருதுகின்றனர். வேலை கற்க வந்த பையனுக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொல்லித் தருகின்றனர். உளி கையில் பட்டால் காயம் ஆறும். இந்த ஒளி கண்ணில் பட்டுப் போன பார்வை திரும்புவது அரிது. ஆகையால், யந்திரத்தைப் பட்டறையில் இறக்கும் அன்றே அதன் குணத்தையும் குற்றத்தையும் அதன் பக்கத்தில் நிற்கப்போகும் தொழிலாளிக்கு அவர் பாஷையிலேயே விளங்கச் சொல்லுவது முதலாளியின் கடமை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுவது தொழிலாளியின் உரிமை.