கர்ப்பிணியின் தோலும் இரவு அரிப்பும்

கருத்தரித்த சில வாரங்களிலேயே தோல் மாறத் தொடங்கிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களோடு நிறமிச் செல்களைத் தூண்டும் ஹார்மோனும் கூடுவதால் மெலனின் அதிகமாக உருவாகிறது. கர்ப்பிணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பில் எங்காவது கருமை ஏறும். மார்புக் காம்பைச் சுற்றியும், அக்குளிலும், தொடையிடுக்கிலும் அது முதலில் தெரியும். வயிற்றின் நடுவே தொப்புளை ஒட்டி மேலும் கீழும் ஓடும் கோடு எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. வெளிறி மறைந்திருந்த அந்தக் கோடுதான் இப்போது கறுத்துத் தெரிகிறது. அதன் நீளத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிரசவமான சில மாதங்களில் அது தானாக மங்கும்.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலேயும் படரும் மங்கு அவ்வளவு எளிதில் போவதில்லை. ஹார்மோன் தொடங்கிவைப்பதை வெயில் வளர்த்துவிடுகிறது. புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் நிறமியைத் தூண்டும். அதனால் துத்தநாக ஆக்சைடோடு இரும்பு ஆக்சைடும் சேர்ந்த, தோல் நிறத்திலேயே இருக்கும் சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும். நடு வெயிலில் குடையும் தலையில் இழுத்துப் போட்ட முந்தானையும் அதற்குத் துணை.

ஆபத்து மங்கில் இல்லை, அதற்காக வாங்கும் களிம்பில் இருக்கிறது. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் முன்வைத்த கலவையின் வழிவந்த களிம்புகள் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமலே கைமாறுகின்றன. அவற்றில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு என மூன்று மருந்துகள் உண்டு. பூசிய ஹைட்ரோகுவினோனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோல் வழியே உடலுக்குள் போய்விடும் என்பதால் கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கிறார்கள். ட்ரெட்டினாயினும் வேண்டாம். அவசியமென்றால் மருத்துவர் அசலாயிக் அமிலம் தருவார். பெயர் ஊர் தெரியாத சிவப்பழகு களிம்புகள் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிறுநீரகம் கெட்டு வந்த சிலரிடம் காரணம் தேடிய மருத்துவர்கள், அவர்கள் முகத்தில் பூசிவந்த களிம்பில் பாதரசத்தைக் கண்டார்கள். பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையையும் எட்டும்.

பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் ஆகியவற்றின் உருவாக்கத்தையே குலைக்கக்கூடியது. கருத்தரிக்க ஒரு மாதத்துக்கு முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டினை விட்டபின் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். திருமணம் பேசும் வயதிலுள்ள பெண்ணுக்கு இந்த மாத்திரைகளை எழுதும்போதே இதைச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

வயிற்றிலும் தொடையிலும் விழும் வரித்தழும்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோலின் அடியடுக்கிலுள்ள கொலாஜன், எலாஸ்டின் இழைகள் இழுபட்டு அறுவதால் அவை வருகின்றன. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். எந்த எண்ணெயும் எந்தக் களிம்பும் அவற்றைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. வயிற்றைச் சொறிந்தால்தான் கோடு விழும் என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவதுண்டு. உண்மையில் தோல் விரியும்போது அரிப்பும் வருகிறது, கோடும் விழுகிறது. நகத்துக்கு அதில் பங்கில்லை.

தடிப்போடு வரும் அரிப்பு வேறு கதை. அது எந்த மாதத்தில், உடம்பின் எந்த இடத்தில் தொடங்கியது என்பதை வைத்தே மருத்துவர் பாதி தூரம் போய்விடுவார். ஐரோப்பாவில் அரிப்போடு வந்த 505 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், சரிபாதிப் பேருக்கு இருந்தது கரப்பான் வகைத் தடிப்பு. ஆறாம் மாதத்துக்கு முன்பே முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் வரும். குழந்தைக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

அடுத்த இரண்டையும் பிரித்தறியத் தொப்புளே அடையாளம். தலைப்பிரசவத்தில், கடைசி வாரங்களில், வரித்தழும்புகளின் மேலேயே சிறு சிறு தடிப்புகளாகக் கிளம்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் தோலைத் தொடாமல் விட்டுவைக்கும் ஒரு வகை உண்டு. இரட்டைக் குழந்தை சுமப்பவர்களுக்கு இது அதிகம். பெரிய தொல்லை, ஆனால் தீங்கற்றது. மற்றொன்று நேர்மாறாகத் தொப்புளிலேயே தொடங்கி, பரவி, நீர் கோத்த இறுகிய கொப்புளங்களாக மாறும். உடலின் நோயெதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வரும் அபூர்வ நோய் இது. குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்கக்கூடும் என்பதால் தனிக் கண்காணிப்பு தேவை. மாநிறத்திலும் கறுப்பிலும் இந்தத் தடிப்புகள் பாடநூல் படங்களில் உள்ளதுபோல் சிவப்பாகத் தெரியாது. கருநீலமாகவோ பழுப்பாகவோ தோன்றும், விரலால் தடவினால்தான் மேடு தட்டுப்படும். நம் ஊரில் இவை தாமதமாகக் கவனிக்கப்பட இதுவும் ஒரு காரணம்.

இவற்றுக்கு மிதமான ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன அளவில் பூசலாம். வீரியம் மிக்க ஸ்டீராய்டைக் கர்ப்பகாலத்தில் மொத்தம் 300 கிராமுக்கு மேல் பூசியவர்களிடம்தான் குழந்தையின் பிறப்பு எடை குறைவதோடு தொடர்பு தெரிந்தது.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் கேட்பது, தோலில் ஒன்றுமே தெரியாத அரிப்பு. பெரும்பாலும் ஏழாம் மாதம் தாண்டியபின், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கும். பகலில் பொறுத்துக்கொள்ளலாம், படுத்ததும் கூடும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தடிப்போ பருவோ இருக்காது. சீப்பை எடுத்துப் பாதத்தைச் சொறிவதும், வெறுங்காலைச் சிமெண்ட் தரையில் அழுத்தி நிற்பதுமாக இரவு கழியும். காலையில் மிஞ்சுவது நகக் கீறல் மட்டும். ‘உடம்புச் சூடு, இளநீர் குடி’ என்று வீட்டில் சொல்வார்கள். வளைகாப்பில் கையில் பூசும் சந்தனம் ஒரு நாழிகை குளிர்ச்சி தரும், அவ்வளவே.

இதன் ஊற்று கல்லீரல். அங்கே சுரக்கும் பித்தநீர் கல்லீரல் செல்லிலிருந்து வெளியேறிக் குடலுக்குப் போக வேண்டும். கர்ப்பகால ஹார்மோன்கள் சிலருக்கு அந்த வெளியேற்றத்தை மந்தமாக்குகின்றன. தேங்கிய பித்த அமிலம் இரத்தத்தில் ஏறுகிறது, நஞ்சுக்கொடி வழியே குழந்தையையும் சேர்கிறது. பிரிட்டனில் எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால் 1,000 கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 7 பேருக்கு வரும் இந்தப் பித்தநீர்த் தேக்கம், அங்குள்ள இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களில் 12 முதல் 15 பேருக்கு வருகிறது. நம்மவர்கள் கூடுதலாக அஞ்ச வேண்டிய நோய் என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

கண்டுபிடிக்க வழி எளிது: இரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவும், கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும். முதல் பரிசோதனை சரியாக இருந்தும் அரிப்பு தொடர்ந்தால் ஓரிரு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். இரத்தத்தில் மாற்றம் தெரிவதற்குச் சில வாரங்கள் முன்பே அரிப்பு வந்துவிடலாம். 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு ஆபத்தை அளவோடு பிரித்துக் காட்டியது. பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது 0.13 சதவீதம், 40 முதல் 99 வரை 0.28 சதவீதம். 100-ஐ எட்டியவர்களில் அது 3.44 சதவீதம். முதல் இரு குழுவினரும் பெருமளவு நிம்மதியாக இருக்கலாம். மூன்றாவது குழுவினருக்கு 35, 36-ஆம் வாரத்திலேயே பிரசவம் பார்ப்பது பற்றி மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். இந்த மரணம் திடீரென நிகழக்கூடியது, ஸ்கேன் அதை முன்கூட்டிச் சொல்லாது. ஆகவே பித்த அமில அளவே வழிகாட்டி.

அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை பல காலமாகத் தரப்பட்டு வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 605 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் அது அரிப்பைக் கொஞ்சமே குறைத்தது. குழந்தைக்கான ஆபத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டாலும் இரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். சிறுநீர் கறுத்தாலோ, மலம் வெளுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரசவமானதும் அரிப்பு சில நாட்களில் அடங்கி, சில வாரங்களில் கல்லீரலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அடுத்த கர்ப்பத்தில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ மறுபடி வரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் அரிப்பை மீண்டும் கிளப்பலாம். எனவே ஒருமுறை இது வந்த பெண் தன் தாய்-சேய் நல அட்டையில் அதை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியும் முதல் நாளிலேயே செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும்.