எண்ணெயில் நீந்தும் எழுத்து

பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் காரியம், திரைமேல் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் நெம்பியதுதான். வயரை எங்கே செருகுவது என்று அதில் படம் போட்டிருந்தது. நாலு மூலையிலும் சுரண்டினேன், வரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அது ஸ்டிக்கரே இல்லை, திரை. சார்ஜ் ஏற்றாத, பட்டனைத் தொடாத கருவியில் ஒரு படம் அச்சடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது.

நாற்பது வருஷமாகத் தாள் புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். ராமபாணப் பூச்சி துளைத்த பிரதியைக்கூட எடைக்குப் போட மனசு வராது. அக்கா மகள் இந்த மின்படிப்பானைப் பரிசளித்தபோது, இன்னொரு செல்போன் என்றுதான் நினைத்தேன். நகம் வழுக்கிய நொடியில் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

செல்போன் திரை ஒரு விளக்கு. அதன் ஒளி நேரே கண்ணில் விழுகிறது. இதுவோ தாளின் சாதி: சுற்றியுள்ள வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. உச்சி வெயிலில் இரண்டையும் மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். போனில் என் முகம்தான் தெரிந்தது. இதில் எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

காரணம், உள்ளே இருப்பது நிஜமான மை. மின்மை என்கிறார்கள். மேற்பரப்புக்குக் கீழே ஒரு மெல்லிய படலம், அதில் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். ஒரு குமிழின் பருமன் தலைமுடி அளவுதான். அதற்குள் நிறமில்லாத எண்ணெய், எண்ணெயில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். வெள்ளைக்கு நேர்மின்னேற்றம், கறுப்புக்கு எதிர்மின்னேற்றம். அடித்தகட்டில் நேர்மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளை விலகி மேலே ஓடிவரும், கறுப்பு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அழுத்தத்தை மாற்றினால் கறுப்பு மேலே. இப்படி மின்விசையால் துகள்கள் நீந்துவதை மின்புல நகர்ச்சி என்பார்கள்.

அந்த வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டிலும் பற்பசையிலும் இருக்கும் அதே பொருள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலை அள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? அதிலுள்ள இல்மனைட் என்ற கனிமத்திலிருந்து இந்த வெண்மையைப் பிரித்தெடுக்கலாம். என் கருவியின் வெள்ளை அங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஆனாலும் கருமணல் பெற்ற பிள்ளை இவ்வளவு வெளுப்பாக இருப்பது வேடிக்கைதான்.

என்னுடைய 6 அங்குலத் திரையில் குறுக்கே 1072, நெடுக்கே 1448 புள்ளிகள். பெருக்கினால் பதினைந்தரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரும் புறநகரும் சேர்ந்தே ஏறக்குறைய 15 லட்சம் பேர்தான். அத்தனை பேர் கையிலும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளையாக ஆளுக்கொரு அட்டை இருக்கிறது, ஒரு நொடிக்குள் எல்லோரும் பிசகாமல் சரியான பக்கத்தைக் காட்டிவிடுகிறார்கள் என்று வையுங்கள். நான் ஒரு பக்கம் திருப்புவது அவ்வளவு பெரிய காரியம்.

திருப்பியதும் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். இழுப்பார் இல்லாததால் துகள்கள் போன இடத்திலேயே கிடக்கின்றன. ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் வெறித்துப் பார்த்தாலும் அந்த எழுத்தை நிறுத்திவைக்கத் துளி மின்சாரம் செலவாகாது. பேட்டரி வாரக்கணக்கில் உழைப்பதன் ரகசியம் இந்தச் சோம்பேறித்தனம்தான். நான் சுரண்டிய படமும் தொழிற்சாலையில் ஒருமுறை எழுதப்பட்டு, கப்பலேறி வந்தும் கலையாமல் இருந்தது.

கறுப்பும் வெள்ளையும் சுலபம். இடையிலுள்ள சாம்பல் நிறங்கள்தான் வம்பு. 16 படிகள் உண்டு. துகளைப் பாதி வழியில் நிறுத்த வேண்டும். அதற்கு அது இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும், எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கிறது என்றும் தெரிய வேண்டும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் வருமா? அதே சங்கடம் இங்கேயும். குளிரில் துகள்கள் மெதுவாக நகரும். ஆகவே உள்ளே ஒரு வெப்ப உணரி இருக்கிறது, வெப்பத்துக்கு ஏற்ற மாதிரி மின்துடிப்பின் நீளம் மாறுகிறது. அப்படியும் முந்தின பக்கத்தின் நிழல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அவ்வப்போது திரை முழுக்கக் கறுத்து ஒருமுறை சிமிட்டும். கோளாறு என்று பயந்து கடைக்குத் தூக்கிப் போக இருந்தேன். ஈரத்துணியால் சிலேட்டைத் துடைக்கிற வேலை அது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்கள் பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் இருவரும் இந்தக் குமிழ் மையை உருவாக்கி 1998-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதே 1998 பொங்கலன்றுதான் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் மை, ஒரு பக்கம் நூல். சோனி 2004-இல் ஜப்பானில் மின்மைப் படிப்பானை விற்பனைக்கு விட்டது. கிண்டில் 2007-இல்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. நல்ல வரி ஒன்று வலப்பக்கம் கீழே, காபிக் கறைக்குப் பக்கத்தில் என்றுதான் எனக்கு ஞாபகம் இருக்கும். இதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளெல்லாம் இடம் மாறிப் புதுப் பக்கமாகிவிடுகின்றன.

நேற்று ராத்திரி கருவியை அணைத்து அலமாரியில் வைத்தேன். அணைத்தால் அதில் ஒரு படம் வந்து நிற்கும். அம்மா பார்த்துவிட்டாள்.

“டேய், அணைக்காம வெச்சிட்டியே. சார்ஜ் வீணாப் போகுது பாரு.”

“அணைச்சாச்சும்மா. படம் அப்படியேதான் நிக்கும்.”

“படம் தெரியுது, அணைச்சாச்சுங்கிறான்.”

குமிழ், எண்ணெய், துகள் எல்லாம் பொறுமையாக விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்துபோய் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.