பக்கத்துல 500 ரூபாய்க்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வந்தாச்சு, நீங்களும் ஃபீஸைக் குறைக்கணுமா?

வாரம் அஞ்சு நாள் ஆபீஸ், சனி ஞாயிறு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் இப்படி ஒரு சைடு இன்கம் வச்சிருக்கிற சிலரை எனக்குத் தெரியும். அதுல ஒருத்தர் போன் பண்ணினார். "சார், நாலு ரோடு பக்கம் புதுசா ஒரு சென்டர் வந்திருக்கு. மாசம் 500 தானாம். நான் 800 வாங்குறேன். குறைச்சிடட்டுமா?"

கணக்கைப் போட்டுட்டு முடிவு பண்ணுவோம்னு சொன்னேன். உங்களுக்கும் இதே கேள்வி இருந்தா, ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க.

அவர்கிட்ட 6 பேர் படிக்கிறாங்க. 4,800 ரூபாய் வருது. ரூம் வாடகை 1,000 போனா கையில 3,800. கிளாஸ் மாசம் 12 மணி நேரம்தான். ஆனா தயாரிப்பு, வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் கேட்டுத் திருத்துறது எல்லாம் சேர்த்தா 20 மணி நேரம் ஆகுது. அப்போ மணிக்கு 190 ரூபாய். (இந்த 8 மணி நேரத்தை யாருமே கணக்குல சேர்க்கிறதில்லை.)

ஃபீஸை 500 ஆக்கினா, ஆறு பேரும் அப்படியே இருந்தாலும் கையில 2,000 தான். மணிக்கு 100.

குறைக்காம 800லயே நின்னா? ரெண்டு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்கன்னே வைங்க. மீதி 4 பேர், 3,200, வாடகை போக 2,200. அதாவது மூணுல ஒரு பங்கு ஸ்டூடண்ட் போனாலும், விலை குறைச்சதை விட 200 ரூபாய் கூடுதல். வேலையும் குறைவு. மூணு பேர் போனாதான் கணக்கு தலைகீழாகும்.

பழைய 3,800ஐ 500 ரூபாய் ஃபீஸ்ல எடுக்கணும்னா 10 பேர் வேணும். இங்கதான் சிக்கல். ஒன்றரை மணி நேர கிளாஸ்ல 6 பேர் இருந்தா ஒருத்தருக்குப் பேச 15 நிமிஷம். 10 பேர்னா 9 நிமிஷம். ஸ்போக்கன் கிளாஸுக்கு வர்றவங்க காசு குடுக்கிறதே வாயைத் திறந்து பேசத்தான். கிராமர் யூடியூப்ல சும்மாவே கிடைக்குது, டுயோலிங்கோ இலவசம். அவங்களோட விலையில போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைஞ்ச மாவட்டம் நம்ம தருமபுரி. வீட்ல முதல் ஆளா காலேஜ் போய், ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறி இன்டர்வியூ போற பசங்க இங்க அதிகம். அவங்களுக்கு வேண்டியது "இங்கிலீஷ்" இல்ல, அடுத்த மாச இன்டர்வியூல பத்து நிமிஷம் திக்காம பேசணும். அதை விற்கலாம். இந்தி டீச்சர்களைப் பாருங்க. 1918ல ஆரம்பிச்ச தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவோட பிராத்மிக், மத்யமா பரீட்சைகளை நம்பியே பல வீடுகள்ல டியூஷன் ஓடுது. காரணம், பரீட்சைக்கு ஒரு தேதி இருக்கு, முடிவு தெரியுது. ஜெர்மனி போக நினைக்கிற நர்ஸுக்கு பி1, பி2 சர்டிபிகேட் மாதிரிதான் இதுவும்.

"ஆன்லைன் போயிடலாமே, டாலர்ல வருமே"ன்னும் கேட்டார். போகலாம். ஆனா ப்ரெப்ளி மாதிரி தளத்துல ஒவ்வொரு புது ஸ்டூடண்டோட முதல் டிரையல் கிளாஸ் காசு முழுசும் அவங்களுக்கு. அதுக்கப்புறமும் கமிஷன் 33 சதவீதத்துல ஆரம்பிச்சு, மணி நேரம் சேரச் சேரத்தான் 18 வரைக்கும் இறங்குது. அதையும் அந்த மணிக்கணக்குல போட்டுப் பாருங்க.

வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்குற யோசனை இருந்தா, 12 மாச டியூஷன் வரவை மட்டும் தனி அக்கவுண்ட்ல வாங்கிப் பாருங்க. ஏப்ரல், மே லீவுல எவ்வளவு இறங்குதுன்னு அதுலயே தெரியும். அவர் இதுவரை அப்படிப் பார்த்ததே இல்லையாம். ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளி வேலைக்குத் தடை இருக்கான்னும் ஒரு தடவை படிச்சிடுங்க.

கடைசியா என் ஏரியா. டியூஷன் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடிஏ-ல பாதியை லாபமா காட்டலாம்னு சிலர் சொல்றாங்க. அந்தத் தொழில் பட்டியல்ல டியூஷன் டீச்சர் இல்லை. 2026 ஏப்ரல் 1லிருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்களும் மாறியிருக்கு. அதனால பழைய வீடியோவைப் பார்த்து, என்னோடதா இருந்தாலும் சரி, அப்படியே ஃபைல் பண்ணிடாதீங்க.

நண்பர் 800லயே நிக்கிறார். ஒருத்தர் போயிட்டார். மீதி அஞ்சு பேருக்கு இப்போ மாக் இன்டர்வியூ நடக்குது.